காளை விந்தணுவின் முதிர்ச்சியும் புரதங்களும்

காளையின் விந்தகத்தில் உருவாகும் விந்தணு, அங்கிருந்து வெளியேறும்போது முட்டையைக் கருவுறச் செய்யும் திறன் அற்றதாகவே இருக்கிறது. விந்தகத்தை விட்டு நீங்கியது முதல் பசுவின் அண்டநாளத்தில் முட்டையை அடைவது வரை, பல்வேறு புரதங்கள் அதன் மேற்பரப்பில் சேர்ந்தும், மாற்றம் அடைந்தும், அகன்றும் அத்திறனை அதற்கு அளிக்கின்றன. இப்படிப்படியான மாற்றமே விந்தணு முதிர்ச்சி எனப்படுகின்றது. இப்புரதங்களுள் ஒன்று குறைந்தாலும், உரிய நேரம் தவறிச் செயற்பட்டாலும், நல்ல தோற்றமும் விரைந்த இயக்கமும் உடைய விந்தணு கூடப் பயனற்றதாகி விடலாம்.

முக்கியத்துவம்

இயற்கை இணைசேர்க்கையில் ஒரு காளையின் குறை சில பசுக்களை மட்டுமே பாதிக்கும். செயற்கை முறைக் கருவூட்டலில் நிலைமை வேறு. ஒருமுறை சேகரிக்கப்படும் விந்து நீர்க்கப்பட்டு, நூற்றுக்கணக்கான உறைவிந்துக் குச்சிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு குச்சியிலும் பொதுவாக 1.5 முதல் 2 கோடி வரையான விந்தணுக்கள் இருக்கும். ஆகையால் ஒரு பொலிகாளையின் கருவளக் குறைபாடு ஆயிரக்கணக்கான பசுக்களைச் சென்றடையக்கூடும். சினை பிடிக்காத பசு மீண்டும் சினைப்பருவத்திற்கு வர ஏறத்தாழ 21 நாட்கள் ஆகும். அந்நாட்களின் தீவனச் செலவும், தள்ளிப்போகும் கன்று ஈனலும், பால் இழப்பும் பசு வளர்ப்பவரையே சேர்கின்றன.

உருப்பெருக்கியின் கீழ் விந்தணுக்களின் எண்ணிக்கை, இயக்கம், வடிவம் ஆகியவற்றைப் பார்ப்பதே வழக்கமான பரிசோதனை ஆகும். மிகத் தாழ்ந்த தரமுள்ள விந்தை இம்முறையால் ஒதுக்கிவிட முடிகிறது. எனினும் தேர்ச்சி பெற்ற காளைகளுக்கு இடையே உள்ள கருவள வேறுபாட்டை இது முழுமையாகக் காட்டுவதில்லை. இவ்வேறுபாட்டின் ஒரு பகுதிக்குப் புரதங்களே காரணம் என்பதால் அவை பற்றிய ஆய்வு முதன்மை பெற்றது.

விந்தகமும் மேற்சுருள் நாளமும்

காளையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 61 நாட்கள் ஆகின்றன. இதன் இறுதிக் கட்டத்தில் மரபுப்பொருளைச் சுற்றியுள்ள இசுட்டோன் புரதங்களில் பெரும்பாலானவை நீங்கி, அவற்றின் இடத்தில் புரோட்டமின் எனும் சிறிய புரதம் அமர்கிறது. இதனால் உட்கரு மிக இறுக்கமாகச் சுருங்குகிறது. இவ்வாறு சுருங்கிய உட்கருவிலிருந்து புதிய புரதங்களுக்கான கட்டளைகள் பிறப்பதில்லை. ஆகவே விந்தணு தனக்கு இனி வேண்டிய புரதங்களைச் சூழலிலிருந்தே பெற வேண்டியுள்ளது.

அடுத்து விந்தணு, எபிடிடைமிஸ் எனப்படும் விந்தக மேற்சுருள் நாளத்தை அடைகிறது. விந்தகத்தின் மேல் ஒட்டிக் கிடக்கும் இந்நாளம் தலை, உடல், வால் என மூன்று பகுதிகளை உடையது. இதனைக் கடக்க ஒரு வாரத்திற்கும் மேற்பட்ட காலம் ஆகும். ஒவ்வொரு பகுதியின் சுவரும் வெவ்வேறு புரதங்களைச் சுரக்கின்றது. தலைப் பகுதியில் நீந்த இயலாதிருந்த விந்தணு, வால் பகுதியை அடையும்போது நீந்தும் ஆற்றலையும் முட்டையுடன் பிணையும் ஆற்றலையும் பெற்று விடுகிறது. இப்பயணத்தின்போது புரோட்டமின்களுக்கு இடையே கந்தகப் பிணைப்புகள் ஏற்பட்டு உட்கரு மேலும் உறுதியடைகிறது.

நாளச் சுவரிலிருந்து விந்தணுவுக்குப் புரதங்கள் செல்லும் வழிகளில் ஒன்று எபிடிடைமோசோம் எனப்படும் நுண்குமிழிகள் ஆகும். படலத்தால் சூழப்பட்ட இக்குமிழிகள் நாளத்தின் நீர்மத்தில் மிதந்து, விந்தணுவைத் தொடும்போது தம்மிடமுள்ள புரதங்களை அதற்கு மாற்றுகின்றன. பி-25-பி எனும் புரதம் இவ்வழியாகவே காளை விந்தணுவைச் சேர்கிறது. கருவளம் குறைந்த சில காளைகளின் விந்தணுக்களில் இப்புரதம் குறைவாக இருப்பதைக் கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 1999 இல் வெளியிட்டனர்.

பீட்டா டிஃபென்சின் 126 எனும் மற்றொரு புரதம், நாளத்தின் வால் பகுதியில் விந்தணுவின் மேல் போர்வையாகப் படிகிறது. டிஃபென்சின்கள் நுண்ணுயிர் எதிர்ப்புப் புரதங்களாகவே முதலில் அறியப்பட்டவை. இப்புரதமோ விந்தணுவின் இயக்கத்திற்கும் கருப்பை வாயின் சளியைக் கடப்பதற்கும் உதவுகிறது.

விந்துப்பாய்மப் புரதங்கள்

விந்தில் விந்தணுக்கள் நீங்கலாக உள்ள நீர்மம் விந்துப்பாய்மம் எனப்படும். இதன் பெரும்பகுதி விந்துப்பைகளிலிருந்து சுரக்கின்றது. விந்து வெளியேறும் கணத்தில் இது விந்தணுக்களுடன் கலந்து, புதியதொரு புரத அடுக்கை அவற்றின்மேல் ஏற்றுகிறது.

காளையின் விந்துப்பாய்மத்தில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி, பி.எஸ்.பி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் மூன்று முதன்மைப் புரதங்கள் உள்ளன. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது 109 அமினோ அமிலங்களால் ஆனது. ஆகையால் அதற்குப் பி.டி.சி-109 என்ற பெயரும் வழங்குகிறது. இக்குடும்பப் புரதங்கள் விந்தணுப் படலத்திலுள்ள கோலின் கொண்ட பாஸ்போலிப்பிடுகளைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றின் பணிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, சேமிப்பு. பசுவின் அண்டநாளத்தை அடையும் விந்தணுக்கள் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு, முட்டை வெளிப்படும் நேரம் வரை காத்திருக்கின்றன. இவ்வாறு ஒட்டுவதற்குப் பி.எஸ்.பி புரதங்கள் துணை செய்கின்றன.

இரண்டாவது, திறனேற்றம். பெண் உடலினுள் சில மணி நேரம் தங்கிய பின்னரே விந்தணு முட்டையைக் கருவுறச் செய்ய முடியும் என்பதைச் சாங், ஆசுட்டின் ஆகிய இருவரும் 1951 இல் தனித்தனியே கண்டறிந்தனர். இத்தகுதிப்பாடே திறனேற்றம் ஆகும். பி.எஸ்.பி புரதங்கள் விந்தணுப் படலத்திலிருந்து கொலஸ்டிராலை வெளியேற்றுவதால் படலம் நெகிழ்ச்சி அடைந்து, இம்மாற்றத்திற்கு ஆயத்தமாகிறது.

நன்மை தீமையாகும் நிலை

கொலஸ்டிராலை வெளியேற்றும் இதே செயல், காலம் நீண்டால் கேடாக முடிகிறது. இயற்கையில் விந்தணு விந்துப்பாய்மத்தில் தங்குவது சிறிது நேரமே. விரைவில் அது கருப்பை வாயின் சளியினுள் நுழைந்து பாய்மத்தை விட்டு நீங்குகிறது. சேமித்து வைக்கப்படும் விந்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. அங்கு பி.எஸ்.பி புரதங்கள் கொலஸ்டிராலையும் பாஸ்போலிப்பிடுகளையும் தொடர்ந்து வெளியேற்றுவதால், படலம் குளிரையும் உறைதலையும் தாங்க இயலாமல் சிதைகிறது.

இதற்குரிய தீர்வு, காரணம் தெரியும் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த பிலிப்ஸ், லார்டி ஆகியோர் 1940 இல் கோழி முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்த்துக் காளை விந்தைப் பாதுகாக்கலாம் என எடுத்துக்காட்டினர். கிளிசரால் சேர்த்தால் விந்தணுக்கள் உறைநிலையிலும் உயிர் பிழைக்கும் என்பதை இங்கிலாந்தின் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் 1949 இல் வெளியிட்டனர். மஞ்சள் கரு எவ்வாறு காக்கின்றது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. மஞ்சள் கருவிலுள்ள அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் பி.எஸ்.பி புரதங்களைப் பற்றிக்கொள்வதை மொன்றியலைச் சேர்ந்த மஞ்சுநாத் குழுவினர் 2002 இல் வெளியிட்டனர். அவ்வாறு பற்றிக்கொள்வதால் அப்புரதங்கள் விந்தணுப் படலத்தைச் சிதைப்பது தடுக்கப்படுகிறது என்பது அவர்களது விளக்கம்.

கருவளத்தைக் காட்டும் புரதங்கள்

அமெரிக்காவின் கில்லியன் குழுவினர், கருவூட்டல் பதிவுகள் நன்கு அறியப்பட்ட ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்துப்பாய்மத்தை ஒப்பிட்டு 1993 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு புரதங்கள் கருவளம் மிக்க காளைகளிலும், வேறு இரண்டு கருவளம் குறைந்த காளைகளிலும் மிகுந்திருந்தன. முதல் இரண்டில் 55 கிலோடால்ட்டன் எடையுள்ளது ஆசுட்டியோபாண்டின் என 1997 இலும், 26 கிலோடால்ட்டன் எடையுள்ளது புரோசுட்டாகிளாண்டின்-டி ஆக்கும் நொதி என 1998 இலும் இனங்காணப்பட்டன. ஆசுட்டியோபாண்டின் முன்னர் எலும்பில் அறியப்பட்ட புரதம் ஆகும்.

மரபுக்குறையால் நேரும் மலட்டுத்தன்மை

ஒரே ஒரு புரதம் இல்லாமற்போவதன் விளைவை ஃபிளெக்ஃபீ இனக் காளைகள் எடுத்துக்காட்டின. செருமனியிலும் ஆத்திரியாவிலும் பெருமளவில் வளர்க்கப்படும் இவ்வினத்தில், சில காளைகளின் விந்து எல்லா வழக்கமான பரிசோதனைகளிலும் தேறியது. ஆனால் அவ்விந்தால் கருவூட்டப்பட்ட பசுக்களில் நூற்றுக்கு இரண்டு கூடச் சினை பிடிக்கவில்லை. இக்காளைகள் டி.எம்.இ.எம்-95 எனும் விந்தணுப் படலப் புரதத்திற்கான மரபணுவின் பழுதான படியைத் தாய், தந்தை இருவழியாகவும் பெற்றிருந்ததை 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது.

இப்புரதம் அற்ற எலிகளின் விந்தணுக்கள் முட்டையை அடைந்து, அதன் வெளியுறையையும் கடந்த போதிலும், முட்டைப் படலத்துடன் இணைய முடியாமல் நின்று விடுகின்றன என்பது 2020 இல் தெரியவந்தது. இப்பழுதை மரபணுச் சோதனையால் கண்டறிய இயலும். ஆகவே காளைக்கன்று வளர்ந்து விந்து தருவதற்கு முன்னரே அதனை இனவிருத்திக்குத் தேர்ந்தெடுக்காமல் தவிர்க்கலாம்.

பயன்பாடும் எல்லைகளும்

டி.எம்.இ.எம்-95 போன்ற தெளிவான குறைகள் அரியவை. ஏனைய புரதங்களின் அளவு, காளையின் வயது, பருவநிலை, விந்து சேகரிக்கும் இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்து மாறக்கூடும். ஒரு புரதம் கருவளத்துடன் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. மேற்சுருள் நாளத்தின் வாலிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட, விந்துப்பாய்மத்தைத் தொடாத விந்தணுக்களும் ஆய்வகத்தில் முட்டையைக் கருவுறச் செய்கின்றன. ஆகவே விந்துப்பாய்மப் புரதங்கள் கருவுறுதலுக்குத் துணை புரிபவையே அன்றி, இன்றியமையாதவை எனக் கொள்ள முடியாது.

இக்காரணங்களால் புரதச் சோதனை தனித்த தீர்ப்பாகக் கொள்ளப்படுவதில்லை. விந்தணுப் பரிசோதனை, மரபணுச் சோதனை ஆகியவற்றுடன் சேர்த்தே அது மதிப்பிடப்பட வேண்டும். இறுதி அளவுகோலாக இருப்பது கருவூட்டப்பட்ட பசுக்களில் சினையுற்றவற்றின் பதிவேடே ஆகும்.