மூன்றாவது குண்டுக்குள் முடித்துவிடலாம் என்ற கணக்கு

வியட்நாமின் வடமேற்கில், லாவோஸ் எல்லை அருகே உள்ள பள்ளத்தாக்கு தியன் பியன் பூ. 1953 நவம்பரில் பிரெஞ்சுப் படை அங்கே பாராசூட்டில் இறங்கி அரண் அமைத்தது. சோறு முதல் வெடிகுண்டு வரை எல்லாமே விமானத்தில்தான் வந்தாக வேண்டும். சுற்றியிருந்த மலைகளோ பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் படையின் வசம். ஆனாலும் பீரங்கிப் பிரிவின் தலைவர் கர்னல் பிரோத் கலங்கவில்லை. எதிரியின் பீரங்கி மூன்று குண்டு சுடுவதற்குள் அதை அழித்துவிடலாம் என்று உறுதி சொன்னார்.

அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. மலையின் பின்சரிவில் நிறுத்தினால் பீரங்கிக்கு இலக்கு எட்டாது. முன்சரிவுக்குக் கொண்டுவந்தால், சுடும்போது வாயில் எழும் தீச்சுவாலை அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கனரகப் பீரங்கிகளையும் போதிய குண்டுகளையும் காட்டு வழியே கொண்டுவருவதும் நடக்காத காரியம் என்று பிரெஞ்சு அதிகாரிகள் எண்ணினர்.

வியட்மின் தளபதி ஜெனரல் ஜியாப் முன்சரிவையே தேர்ந்தெடுத்தார். வீரர்கள் வடம் கட்டி இழுத்து வந்த 105 மி.மீ. பீரங்கிகள், மலையைக் குடைந்து அமைத்த குகைகளுக்குள் நின்றன. வெளியே தெரிந்தது சிறு திறப்பு மட்டுமே. அதற்குள் நேராக விழாத குண்டு மண்ணைத்தான் கிளறியது. போலிப் பீரங்கிகளும் பிரெஞ்சுக்காரர்களைத் திசைதிருப்பின. வியட்மின் வீரர்களுக்கோ விமான ஓடுபாதை கண்ணெதிரே தெரிந்தது.

விமான எதிர்ப்பிலும் நிலப்பரப்பே துணைநின்றது. தரையிறங்கும் விமானம் வேகம் குறைத்து, தாழ்ந்து, குறிப்பிட்ட தடத்தில்தான் வரமுடியும். அந்தத் தடத்தைக் குறிவைத்து நின்றன 37 மி.மீ. பீரங்கிகள்.

1954 மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. முதல் இரவே தளத்தின் வெளி அரண்களில் ஒன்று வீழ்ந்தது. இரண்டு நாளில் பிரோத் கையெறிகுண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார். மாத இறுதிக்குள் ஓடுபாதை பயன்படாமல் போனது. உயரத்திலிருந்து பாராசூட்டில் போட்ட பொருட்களில் ஒரு பகுதி எதிரியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. மே 7 அன்று தளம் வீழ்ந்தது.

வியட்மின்னிடம் 105 மி.மீ. பீரங்கிகள் இருப்பது பிரெஞ்சு உளவுத்துறைக்குத் தெரியும். பிழை அந்தத் தகவலில் இல்லை. அவற்றை எங்கே வைப்பார்கள், எப்படிக் காப்பார்கள், எத்தனை குண்டுகளைச் சேர்ப்பார்கள் என்பதையெல்லாம் தங்கள் வழக்கத்தை வைத்தே ஊகித்தார்கள். ஓர் ஆயுதத்தின் ஆபத்து அதன் குழாயின் அளவில் மட்டும் இல்லை. எதிரே இருப்பவர் எதை இழந்தால் பிழைக்க முடியாதோ, அதை அந்த ஆயுதம் எட்டுகிறதா என்பதிலும் இருக்கிறது. தியன் பியன் பூவில் அது விமான ஓடுபாதை.