சிரிப்பு மேடை - 7: 16 பாத்திரங்கள், ஓர் இரவு

கே. பாலசந்தர் ஒரு காட்சிச் சூழலைச் சொன்னார். அதில் 16 பாத்திரங்கள். அத்தனை பேரையும் வைத்து ஒரு நகைச்சுவைக் காட்சி எழுதிவர வேண்டும். கேட்டுக்கொண்டவர் சினிமாக்காரர் அல்ல. தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த விவேகானந்தன் என்ற இளைஞர். பின்னாளில் தமிழ்நாடே விவேக் என்று கொண்டாடியவர். விடிவதற்குள் எழுதி முடித்துவிட்டார்.

இது எவ்வளவு கடினம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் எடுத்துக் கொடுத்தால் மற்றவர் அடித்துவிடலாம். 16 பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் வேண்டும், உள்ளே வர ஒரு காரணம் வேண்டும், பேச ஒரு வரி வேண்டும். ஒருவர்கூடச் சும்மா நிற்கக் கூடாது.

அந்தக் கை எங்கே பழகியது? மெட்ராஸ் ஹியூமர் கிளப்பில். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் எம்.காம். முடித்து, குரூப் 4 தேர்வெழுதிக் கோட்டைக்கு வேலைக்கு வந்தவர், ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் அங்கே மேடை ஏறினார். மேக்கப் கிடையாது, செட் கிடையாது, தாங்கிப் பிடிக்கத் துணை நடிகரும் கிடையாது. சொன்னது எடுபடவில்லை என்றால் அந்த நொடியே முகத்தில் அடித்தாற்போல் தெரிந்துவிடும். அவரைப் பாலசந்தரிடம் அறிமுகப்படுத்தியவரும் கிளப்பின் நிறுவனர் பி.ஆர். கோவிந்தராஜன்தான்.

கோட்டையும் அவருக்கு ஒரு பள்ளிக்கூடம்தான். ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிறவர்கள், பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாரிமுனைக்கு வருகிறவர்கள் என்று மாதச் சம்பளக்காரர்களின் உலகம் அது. லஞ்சம், சாதி, மூடநம்பிக்கை மீது பிற்காலப் படங்களில் அவர் காட்டிய கோபத்தில், அந்த ஃபைல்களுக்கு நடுவே பார்த்த மனிதர்களுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

திரைக்கதையில் உதவத்தான் பாலசந்தர் அவரை அழைத்தார். ‘மனதில் உறுதி வேண்டும்’ (1987) தயாரான சமயத்தில், சுஹாசினியின் சகோதரனாக நடிக்கவும் வைத்துவிட்டார். ‘புதுப் புது அர்த்தங்கள்’ (1989) படத்தில் அவர் பேசிய ஒரே ஒரு வரி ஊரெல்லாம் பரவியது.

சுமார் 20 ஆண்டுகள் கழித்து, திருச்சியில் பொறியியல் படித்த சிவகார்த்திகேயன் விஜய் டி.வி.யின் ‘கலக்கப் போவது யாரு’ மேடையிலிருந்து ‘மெரினா’வுக்கு (2012) வந்தார். வீடு வீடாக அவர் முகத்தைக் கொண்டுசேர்க்கத் தொலைக்காட்சி இருந்தது. விவேக்குக்கு அந்த வசதி இல்லை. கவுண்டமணி - செந்தில் கொடிகட்டிப் பறந்த காலம் வேறு; கூடவே வடிவேலுவும் வளர்ந்து வந்தார். முதல் படத்துக்கும், ‘உன்னருகே நான் இருந்தால்’ (1999) பெற்றுத் தந்த மாநில அரசின் சிறந்த நகைச்சுவை நடிகர் விருதுக்கும் நடுவில் 12 ஆண்டுகள். அந்தக் காத்திருப்பைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)