ஒரு பொம்மைத் தலை, நாலு ஊசி, கொஞ்சம் ஆட்டு முடி

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடில் ரீபார்ன் பொம்மைக்கு வண்ணம் பூசுவது பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுட்டு வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான்: "முடி எப்படி வைக்கிறீங்க? எந்த ஊசி? எந்த முடி?" இன்னைக்கு அதை மட்டும்தான் பேசப் போறோம்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி. ரீபார்ன்னா, பிறந்த குழந்தை மாதிரியே இருக்கிற வினைல் பொம்மை. வெற்றுத் தலை, கை, கால் வாங்கி, அடுக்கடுக்கா வண்ணம் பூசி, சூட்டில் பதப்படுத்தி, கடைசியா தலையில் ஒவ்வொரு முடியா ஊசியால் குத்தி நடுவோம். இந்த நடுறதுக்குப் பெயர்தான் ரூட்டிங். வண்ணத்துக்கான சூடெல்லாம் முடிஞ்ச பிறகுதான் முடி. மாத்திச் செஞ்சா அடுப்புச் சூட்டில் முடி பாழாயிடும்.

இதை நான் சொல்லிக் கொடுக்க ஒரு காரணம் இருக்கு. நான் ஒருமுறை தப்பாச் செஞ்சேன். அந்தத் தப்பு வேறொருத்தர் மடியில் போய் விழுந்தது.

நான் இருக்கிறது பர்மிங்ஹாமில். எங்க தெருவில் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. அவங்க அம்மாவுக்கு மறதி நோய், முதியோர் இல்லத்தில் இருந்தாங்க. இங்கே சில இல்லங்களில் இப்படிப்பட்டவங்க கையில் குழந்தைப் பொம்மை கொடுப்பாங்க. அது சரியா தப்பான்னு பராமரிப்புத் துறைக்குள்ளேயே வாதம் உண்டு. "வயசானவங்களைக் குழந்தையா நடத்துறீங்க"ன்னு ஒரு பக்கம், "அவங்க படபடப்பு அடங்குது, பேசுறாங்க"ன்னு இன்னொரு பக்கம். அந்த அம்மாவுக்கு அது பிடிச்சிருந்தது. அதனால மகள் என்கிட்ட ஒரு பொம்மை கேட்டாங்க.

செஞ்சு கொடுத்தேன். மூணாவது வாரம் போன் வந்தது. "அம்மா அழுறாங்க. குழந்தைக்கு முடி கொட்டுதாம். டாக்டரைக் கூப்பிடச் சொல்றாங்க."

போய்ப் பார்த்தேன். அந்த அம்மா நாள் முழுக்கப் பொம்மையின் தலையைத் தடவிக்கிட்டே இருந்திருக்காங்க. உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை. அவங்க உள்ளங்கையில் நான் நட்ட முடி. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து தலையைக் கழற்றிப் பார்த்தப்போதான் புரிஞ்சது, நான் மூணு இடத்தில் சோம்பேறித்தனம் பண்ணியிருக்கேன். முடியில், ஊசியில், பசையில்.

முதலில் முடி

மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடி. அங்கோரா முயலின் முடியோட இதைக் குழப்பிக்காதீங்க. அது வேற, ரொம்பப் பஞ்சு மாதிரி இருக்கும், நடவே முடியாது. அங்கோராங்கிறது துருக்கியில் இருக்கிற அங்காராவின் பழைய பெயர். ஆனா இன்னைக்கு உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி தென் ஆப்பிரிக்காவிலிருந்து வருது. வருஷத்துக்கு ரெண்டு முறை கத்தரிப்பாங்க.

இதில் முக்கியமான விஷயம் ஆட்டின் வயசு. குட்டியின் முடி சுமார் 25 மைக்ரான் தடிமன். ஆடு வளர வளர முடியும் தடிக்கும், முதிர்ந்த ஆட்டுக்கு 35, 40 வரை போகும். நம்ம தலைமுடி இதைவிட ரெண்டு மடங்கு தடிமன். பிறந்த குழந்தைக்கு இருக்கிற பூனை முடிக்குப் பக்கத்தில் வர்றது குட்டி ஆட்டு முடிதான். அதனால லேபிளில் 'கிட் மொஹேர்'னு இருக்கான்னு பாருங்க. நான் முதல் பொம்மைக்கு வாங்கினது விலை குறைவான பெரிய ஆட்டு முடி. கையில் வாங்கும்போது பளபளன்னு அழகா இருந்தது. தலையில் ஏறினதும் குழந்தைக்கு விக் வெச்ச மாதிரி ஆயிடுச்சு.

வாங்கும்போது நாலு சோதனை. ஒன்று, ஒரு இழையை வெளிச்சத்தில் பிடிங்க. நடுநடுவே வெள்ளையா, சுண்ணாம்பு பூசின மாதிரி முரட்டு இழைகள் இருந்தா அது கெம்ப். சாயம் ஒட்டாது, உடையும். பொறுக்கி எடுத்துடுங்க. ரெண்டு, ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்க. முடி கருகிற நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானா அசல். உருகி மணி மாதிரி உருண்டா அது பிளாஸ்டிக். மூணு, ஈரமான வெள்ளைத் துணியில் தேய்ங்க. சாயம் இறங்கினா பொம்மையின் நெற்றியிலும் இறங்கும். நாலு, நுனி இருக்கான்னு பாருங்க. குழந்தையின் முதல் முடி கத்தரி பார்க்காத முடி, நுனி மெலிஞ்சு முடியும். வெட்டுப்பட்ட பக்கத்தைத் தலைக்குள்ளே விட்டு, இயற்கையான நுனியை வெளியே விடுங்க. இந்த ஒரு விஷயமே பாதி வேலையைச் செஞ்சுடும்.

ஒரு தலைக்கு 28 கிராம், அதாவது ஒரு அவுன்ஸ், தாராளம்.

அடுத்து ஊசி

நாம பயன்படுத்துறது கம்பளியை ஃபெல்ட் ஆக்குற ஊசி. தையல் ஊசி மாதிரி காது கிடையாது. ஓரங்களில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும், அதுதான் முடியைக் கொக்கி போட்டு உள்ளே தள்ளும். தடிமனை கேஜ் எண்ணில் சொல்வாங்க. எண் கூடக் கூட ஊசி மெலிசு. இங்கேதான் எல்லாரும் தலைகீழாப் புரிஞ்சுக்கிறாங்க. நானும்தான்.

36 தடி ஊசி. வேகமா வேலை முடியும், ஆனா கண்ணுக்குத் தெரியுற ஓட்டை விழும். 38 கை பழகுறதுக்கு. பின்னந்தலைக்குப் போதும். 40 நடுத்தரம், தலையின் பெரும்பகுதிக்கு இதுதான். 42, 43 ரொம்ப மெலிசு. நெற்றி ஓரம், காது ஓரம், சுழி இந்த மூணு இடத்துக்கும் இது இல்லாம வேண்டாம்.

நான் முழுத் தலையையும் 36-ல் முடிச்சேன். ஒரு ஓட்டையில் எட்டுப் பத்து இழை. பார்க்க நாற்று நட்ட மாதிரி கொத்துக்கொத்தா இருந்தது. அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்ல. ஓட்டை பெருசா இருந்தா வினைல் முடியைக் கவ்வாது. மெல்லிய ஊசியால், ரெண்டு மூணு இழை மட்டும் வெச்சுக் குத்தினா, ஊசி வெளியே வந்ததும் வினைல் சுருங்கி முடியைப் பிடிச்சுக்கும்.

தலையை ஹேர் ட்ரையரில் லேசா சூடாக்கிட்டுக் குத்துங்க. வினைல் இளகும், கைக்கும் வலி குறையும். ஊசியைச் செங்குத்தா இறக்காதீங்க, படுக்க வெச்ச மாதிரி சாய்வா விடுங்க. எந்தப் பக்கம் சாய்க்கிறீங்களோ அந்தப் பக்கம்தான் முடி படியும். அதனால முதல்ல பென்சிலில் சுழியைக் குறிச்சுட்டு, அதைச் சுத்தி வட்டமா ஆரம்பிங்க. போன சாய்விலேயே ஊசியை வெளியே எடுங்க. நடுவில் திருகினா உடையும்.

உடைஞ்சா? நிறுத்துங்க. துண்டு கிடைக்கிற வரைக்கும் அடுத்த குத்து கிடையாது. ஊசி எஃகு, காந்தம் வெச்சுத் தேடுங்க. இந்தப் பொம்மையை யாரோ மார்போட அணைக்கப் போறாங்க, உள்ளே முனை கிடக்கக் கூடாது. விரலுக்குத் தோல் உறை போட்டுக்கோங்க.

கடைசியா பசை

முடி நட்டு முடிச்சதும் தலைக்குள்ளே பார்த்தா வால் வாலா முடி தொங்கும். அது மேல தண்ணியில் கரையாத, காய்ஞ்ச பிறகும் வளையக் கூடிய பசையை எல்லா இடமும் பரவுற மாதிரி தடவணும். கழுத்து விளிம்பில் மட்டும் படாம பாருங்க, உடம்போட சேர்க்கும்போது இடிக்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்க. நான் அவசரத்தில் அங்கங்கே நாலு பொட்டு வெச்சிருந்தேன். உச்சியில் பசையே இல்ல. அவங்க தடவினது சரியா அந்த உச்சியைத்தான்.

இவ்வளவு செஞ்சாலும் இது சின்னக் குழந்தைக்கான விளையாட்டுப் பொம்மை இல்ல. முடி வாய்க்குப் போகும். ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிடுங்க.

ரெண்டாவது தலைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம்னு அஞ்சு வாரம் ஆச்சு. பணம் வாங்கல. கொண்டு போய்க் கொடுத்தப்போ அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகம் இல்ல, பழைய பொம்மையும் ஞாபகம் இல்ல. ஆனா கை நேரா உச்சிக்குத்தான் போச்சு. தடவிட்டு, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்ல. மறுபடி தடவினாங்க.

அந்தப் பழைய தலை இன்னும் என் மேசையில்தான் இருக்கு. புது ஊசி வந்தா முதல் குத்து அதில்தான். நீங்களும் ஆரம்பிக்கும்போது ஒரு சோதனைத் தலை வாங்கிக்கோங்க. 38, 40, 42 மூணிலும் ஒரு வரிசை நட்டுப் பாருங்க. அப்புறம் விரலால் இழுத்துப் பாருங்க. வந்துச்சுன்னா நீங்க இன்னும் ரெடியாகல.

அடுத்த எபிசோடில் கண் இமை முடி. சந்திப்போம்.