பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எதற்குப் பணம்?

எலினார் ராத்போன் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடி வாங்கித் தந்த குடும்பப்படி, 1946 ஆகஸ்டில் முதன்முதலாக பிரிட்டிஷ் தாய்மார்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே போய்விட்டார். வாரத்துக்கு 5 ஷில்லிங். முதல் பிள்ளைக்குக் கிடையாது, இரண்டாவதிலிருந்துதான். கூலிக்காரர் வீடா, கோமான் வீடா என்று கொடுக்கும்போது யாரும் கேட்கவில்லை. அந்தப் பணமும் வருமானக் கணக்கில் சேரும்; வசதியுள்ளவரிடம் வரியாகக் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். எல்லாருக்கும் கொடு, இருப்பவரிடம் பிறகு வாங்கிக்கொள் என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

2010 அக்டோபர். பர்மிங்ஹாமில் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு. கஜானா காலி என்று சொல்லி ஆட்சியில் அமர்ந்து ஐந்தே மாதம் ஆகியிருந்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் மேடையேறி, வீட்டில் ஒருவர் 40 சதவீத வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்தால் இனி அந்த வீட்டுக்கு, பழைய குடும்பப்படியின் இன்றைய வடிவமான 'சைல்ட் பெனிஃபிட்' கிடையாது என்றார். சொற்பச் சம்பளக்காரர் கட்டும் வரியை எடுத்து, அவரைவிடப் பல மடங்கு சம்பாதிப்பவரின் பிள்ளைக்குக் கொடுப்பதில் என்ன நியாயம் என்பது அவர் வாதம். தெருவில் போகிற யாரை நிறுத்திக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். வங்கி மேலாளர் வீட்டுப் பிள்ளைக்கு வாரம் 20 பவுண்ட் அரசு ஏன் கொடுக்க வேண்டும்?

சிக்கல், 'பணக்கார வீடு' எது என்று கண்டுபிடிக்கப் போனபோது ஆரம்பித்தது.

அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகள் என்று வையுங்கள். ஒரு வீட்டில் கணவருக்கு 60,000 பவுண்ட் சம்பளம். மனைவி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த வீட்டில் இருவருக்கும் வேலை, ஆளுக்கு 49,000, மொத்தம் 98,000. 2013 ஜனவரி 7-ஆம் தேதி அமலுக்கு வந்த விதிப்படி முதல் வீட்டுக்கு ஒரு பைசா தங்காது. இரண்டாவது வீட்டுக்கு முழுப் பணமும் உண்டு. சட்டம் எழுதியவர்களின் கவனப்பிசகு அல்ல இது. மாநாட்டில் அறிவித்த மறுநாளே நாளிதழ்கள் இதைத்தான் கேட்டன. ஒரே வெட்டாக வெட்டுவதை விட்டுவிட்டு, 50,000-க்கும் 60,000-க்கும் இடையில் படிப்படியாகப் பிடிப்பது என்று 2012 பட்ஜெட்டில் கொஞ்சம் தணித்தார்கள். இரண்டு வீட்டுக் கணக்கில் மட்டும் கை வைக்கவில்லை.

காரணம் இருக்கிறது. பிரிட்டனில் வருமான வரித் துறைக்குக் 'குடும்பம்' என்று ஒன்றைத் தெரியாது. 1990 வரை மனைவியின் வருமானம் கணவன் வருமானத்தின் பகுதியாகவே கருதப்பட்டது. பெண்கள் நெடுங்காலம் கேட்டுப் போராடிய பின் அந்த ஆண்டுதான் அவரவர் வரி அவரவருக்கு என்றானது. நல்ல சீர்திருத்தம். ஆனால் அதன்பின் துறையின் கணக்கில் இருப்பவர்கள் தனித்தனி ஆட்கள்தான். இருவர் வருமானத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டுமென்றால், பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டையும் விசாரிக்கத் தனி இயந்திரமே வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் தலைவலியையும் பார்த்து, இருவரில் அதிகம் சம்பாதிப்பவரை மட்டும் பிடித்தால் போதும் என்று முடித்துக்கொண்டார்கள்.

பிடித்த விதமும் விசித்திரம். பணத்தை நிறுத்தவில்லை. அம்மாவுக்கு மாதா மாதம் பணம் போகும். அப்பாவிடம் ஆண்டு முடிவில் அதை வரியாக வசூலிப்பார்கள். அவர் அப்பாவாகக்கூட இருக்க வேண்டியதில்லை. முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளையோடு ஒரு பெண் வேறொருவருடன் வாழத் தொடங்கினால், அந்தத் துணைவருக்குச் சம்பளம் அதிகமென்றால், பிள்ளைக்கு ஒரு சட்டைகூட அவர் வாங்கித் தராவிட்டாலும் இந்த வரி அவர் தலையில்தான்.

அந்த 50,000–60,000 இடைவெளியில் மாட்டியவர்களின் பாட்டைப் பாருங்கள். 2013-இல் மூத்த பிள்ளைக்கு வாரம் 20.30 பவுண்ட், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 13.40. மூன்று பிள்ளை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,450 பவுண்ட். சம்பளம் 10,000 உயர்வதற்குள் அவ்வளவும் கரைந்துவிடும். ஏற்கெனவே 40 சதவீத வருமான வரி, 2 சதவீத தேசியக் காப்பீடு. எல்லாம் சேர்த்தால், கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் 66 பென்ஸுக்கு மேல் போய்விடும். கோடீஸ்வரர்களுக்கே அந்நாட்டில் அன்று உச்ச வரி 45 சதவீதம்தான். இதைத் தெரிந்துகொண்ட சிலர் ஓய்வூதிய நிதியில் கூடுதலாகப் பணம் போட்டுக் கணக்கில் வருமானத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தெரியாதவர்கள் கட்டினார்கள்.

அதைவிட மோசம், கட்ட வேண்டும் என்பதே தெரியாதவர்களின் நிலை. மாதச் சம்பளக்காரருக்கு அங்கே வரியைக் கம்பெனியே பிடித்துவிடும். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் பழக்கமே பலருக்குக் கிடையாது. சம்பளம் மெல்ல உயர்ந்து 50,000-ஐத் தாண்டியது. இனி நாமே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. சில ஆண்டு கழித்து மொத்தப் பாக்கியும் அபராதமும் சேர்த்துக் கடிதம் வந்தது. கூச்சல் பெரிதாகி, 2018-இல் ஆரம்ப ஆண்டுகளின் அபராதங்களை வரித் துறை மறுபரிசீலனை செய்து பலருக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அந்த 50,000 என்ற கோடு 2024 வரை ஒரு பவுண்ட்கூட நகரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் 40 சதவீத வரி தொடங்கும் வரம்பே 50,270-க்குப் போய்விட்டது. பெயரில் 'உயர் வருமானம்' தாங்கிய இந்த வரி, அடிப்படை விகிதம் மட்டும் கட்டுவோரையும் தொட்டது!

எனக்கு இதில் மன்னிக்க முடியாததாகப் படுவது வேறொன்று. வாங்கி வாங்கித் திருப்பிக் கட்டுவானேன் என்று பல தாய்மார்கள் விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்டார்கள். அந்த விண்ணப்பத்தில் பணத்தோடு இன்னொன்றும் ஒட்டியிருந்தது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வளர்ப்பதற்காக வேலைக்குப் போகாதிருக்கும் ஆண்டுகள், தாயின் அரசு ஓய்வூதியக் கணக்கில் வரவு வைக்கப்படும். முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு வேண்டும். விண்ணப்பிக்காத ஒவ்வொரு ஆண்டும் அதில் ஓட்டை. வசதியான கணவனுக்கு என்று விரித்த வலையில், சொந்த வருமானம் இல்லாத மனைவியின் முதுமை போய்ச் சிக்கியது. விட்டுப்போன ஆண்டுகளைச் சேர்க்க வழி செய்வதாக அரசு வாக்குக் கொடுத்தபோது ஆண்டு 2023.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். விதியைச் செப்பனிட்டுவிட்டால், கொள்கை சரிதானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்தப் பணம் தானமாகப் பிறந்ததல்ல. பழைய குடும்பப்படியோடு, பிள்ளை உள்ளவர்களுக்கு வருமான வரியில் ஒரு கழிவும் பிரிட்டனில் இருந்தது. (நம் வருமான வரியிலும் பிள்ளைகளின் கல்விப்படிக்கு ஆளுக்கு மாதம் 100 ரூபாய், இரண்டு பிள்ளை வரை என்று ஒரு விலக்கு நெடுங்காலம் இருந்தது. அந்த நூறு ரூபாயில் எந்தப் பள்ளியில் என்ன கட்ட முடிந்தது என்று கேட்காதீர்கள்.) 1975-இல் பிரிட்டிஷ் அமைச்சர் பார்பரா காஸில் கொண்டுவந்த சட்டம், படி, கழிவு இரண்டையும் ஒன்றாக்கியது. அப்பாவின் சம்பளச் சீட்டில் இருந்த சலுகை அம்மாவின் கைக்கு மாறும். முதல் பிள்ளைக்கும் உண்டு. ஆண்களின் கைச்சம்பளம் குறைந்தால் தொழிற்சங்கங்கள் கொதிக்கும் என்று பிரதமர் காலகனின் அமைச்சரவை அதைத் தள்ளிப்போடப் பார்த்தது. அமைச்சரவைக் குறிப்புகள் வெளியே கசிந்து மானம் போன பிறகுதான் திட்டம் நகர்ந்து, 1979-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஆகவே 2013-இல் பறிபோனதில் ஒரு பகுதி, பிள்ளை வளர்ப்பவருக்கு வரியில் இருந்த பழைய சலுகை. 60,000 சம்பாதிக்கும் ஒருவர், பிள்ளையே இல்லாத இன்னொரு 60,000 காரர்: இருவருக்கும் 2024 வரை கையில் நின்றது ஒன்றே. முதலாமவரின் பிள்ளைகளின் சோறும் துணியும் அரசின் கண்ணுக்குத் தெரியவில்லை. பணக்காரர் அதிகம் தர வேண்டுமென்றால் பணக்காரர் எல்லாரிடமும் வாங்கட்டும். பிள்ளை பெற்ற பணக்காரரிடம் மட்டும் ஏன்? ஜெர்மனி இதில் நேர் எதிர். பிள்ளையின் அடிப்படைச் செலவுக்கான வருமானத்தின் மேல் வரி போடக் கூடாது என்று அதன் அரசியல் சட்ட நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அதனால் அங்கே மாதப் படி, வரிக் கழிவு இரண்டில் எது லாபமோ அது பெற்றோருக்கு; பெரிய சம்பளக்காரருக்குக் கழிவில் கூடுதலாகவே கிடைக்கும். அதுவும் எனக்கு உவப்பில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகை என்பதுதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

மிச்சம் பிடித்தால் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடக் கொடுக்கலாமே என்பது வலுவான எதிர்வாதம். அப்படிக் கொடுத்திருந்தால் நானும் வாய் மூடியிருப்பேன். 2011 முதல் மூன்று ஆண்டு, பிறகு 2016 முதல் நான்கு ஆண்டு, எல்லாருக்குமான படியும் ஒரு பென்னி உயராமல் உறைந்து கிடந்தது.

இங்கிருந்து வேலை விசாவில் லண்டன் போகும் ஐ.டி. குடும்பங்களுக்குப் பொதுவாக இந்தப் பணம் கிடையாது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை வரும்வரை வரி மட்டும் கட்டலாம். உரிமை வரும்போது சம்பளம் கோட்டைத் தாண்டியிருக்கும். மனைவி பிள்ளையோடு வீட்டில் இருப்பார். அந்த இரண்டு வீட்டுக் கணக்கில் அவர்கள் பெரும்பாலும் முதல் வீடு.

2024 ஏப்ரலில் கோடு 60,000-க்கு நகர்ந்தது. 80,000-இல்தான் முழுப் பணமும் போகும். 2026-க்குள் குடும்ப வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்று நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் வாக்களித்தார். ஆட்சி மாறியது. செலவு அதிகம் என்று 2024 அக்டோபரில் புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதைக் கைவிட்டார். ஆக இன்றும் ஆளுக்கு 60,000 வீதம் 1,20,000 சம்பாதிக்கும் தம்பதிக்கு முழுப்படி. ஒருவர் மட்டும் 80,000 சம்பாதிக்கும் வீட்டுக்குப் பூஜ்யம்.

தென் கொரியாவும் 2018-இல் இதே வேலையில் இறங்கியது. மேல்தட்டு 10 சதவீதத்தை மட்டும் விலக்கிவைக்க ஊரிலுள்ள பெற்றோரிடமெல்லாம் சொத்துக் கணக்குக் கேட்டார்கள். சில மாதங்களிலேயே அதைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாருக்கும் என்று மாற்றினார்கள். ஏன் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)