‘அவன் அப்படித்தான்’ என்று சொல்வதற்கு முன்

வலங்கைமான் வட்டாரத்தில் சிறப்புப் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை திடீரெனக் கத்தினாலோ, பள்ளிக்கு வர மறுத்தாலோ, “அவன் அப்படித்தான்” என்பதே நான் அதிகம் கேட்கும் விளக்கம்.

அக்குழந்தைகளுக்கும் பயம், பதற்றம், மனச்சோர்வு வரும். எமர்சன், ஹேட்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளில் 36 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. மற்றக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினருக்கே. எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிட்டால் இப்பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது, உதவியும் கிடைக்காது.

சொல்லத் தெரியாத குழந்தை நடத்தையால் சொல்கிறது. நம் ஊர்ப் பங்குனிப் பாடைக்காவடித் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கூட்டம், மேளச்சத்தம், கெட்டுப்போன தூக்கம் எல்லாம் சேர்ந்து சில குழந்தைகளைப் பல நாள் அலைக்கழிக்கும். அதைப் பிடிவாதம் என்று தண்டித்தால் பயம்தான் கூடும்.

எனவே நான்கு கேள்விகள் கேளுங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது? அதற்கு முன் வீட்டிலோ வகுப்பிலோ என்ன மாறியது? பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் உண்டா? யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா?

ஒரு வாரம் நாள், நேரம், முன் நடந்தது, பின் நடந்தது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பெற்றோரிடம் தூக்கம், உணவு பற்றிக் கேளுங்கள். இரண்டு வாரம் நீடித்தால் அக்குறிப்போடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால் அன்றே அனுப்புங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் இலவச ஆலோசனை உண்டு. கொடுமை நடப்பதாக ஐயம் எழுந்தால் 1098ஐ அழையுங்கள்.

மருத்துவர் குழந்தையைச் சில நிமிடங்களே பார்ப்பார். நாள்தோறும் பார்ப்பவர் நீங்கள். உங்கள் குறிப்பேடுதான் அக்குழந்தையின் வாய்மொழி.