ஓவியப் புதினங்களும் எச்சப் பொருளும்

ஓவியத்தையும் சொல்லையும் ஒருங்கே கொண்டு கதை நடத்தும் நூல்களை மேலைநாட்டார் ‘கிராஃபிக் நாவல்’ என வழங்குவர். யாம் ஈண்டு அவற்றை ‘ஓவியப் புதினம்’ எனக் குறிக்கின்றோம். படக்கதை என்றவுடன், 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்சும், அதன் முதல் இதழில் தோன்றிய இரும்புக்கை மாயாவியும் நம்மவர் நினைவிற்கு வருதல் இயல்பு. இளமையில் அவற்றை விரும்பிப் படித்தோர் பலர், புலமைத் துறை புகுந்தபின் அவ்விருப்பத்தைச் சொல்லவும் நாணுகின்றனர். சிறுவர்க்கு உரியதொரு பொழுதுபோக்கு எனக் கூறி இவ்வகை முழுவதையும் ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. ஒரு கலையை அதன் தாழ்ந்த படைப்புகளைக் கொண்டு அளத்தலாகாது. உயர்ந்தவற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இக்கட்டுரை இரண்டு பணிகளை மேற்கொள்கின்றது. ஓவியப் புதினத்திற்கே உரிய இயல்பு யாது என விளக்குதல் ஒன்று. அவ்வியல்பு சிறந்து விளங்குவனவாக எம் உள்ளத்தைக் கவர்ந்த ஐந்து நூல்களை, அறிவியற் புதினங்களையும் உள்ளிட்டு, முதுகலை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் மற்றொன்று.

தோற்றமும் பெயரும்

இக்கலையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஓர் இலக்கியப் பேராசிரியர் என்பது நம் துறையினர் அறிந்து மகிழத்தக்கது. சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் ஆசிரியராய் வாழ்ந்த ரொடால்ஃப் டாப்ஃபர், 1827ஆம் ஆண்டு முதல் கட்டங்களாகப் பகுத்த நகைச்சுவைக் கதைகளை வரைந்தார். ஓவியம் தனித்து நின்றால் பொருள் தெளிவாகாது, சொல் தனித்து நின்றால் பொருளே இராது என்னும் கருத்துடையவர் அவர். இரண்டும் இணைந்தே ஒரு மொழியாதல் வேண்டும் என்பதனை அன்றே உணர்ந்திருந்தார்.

‘கிராஃபிக் நாவல்’ என்னும் பெயரை 1964இல் அமெரிக்கரான ரிச்சர்டு கைல் வழங்கினார். வில் ஐஸ்னர் 1978இல் வெளியிட்ட ‘எ காண்ட்ராக்ட் வித் காட்’ என்னும் நூலின்பின் அப்பெயர் பரவலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் இக்கலைக்கு ஒரு பெருந்தடையும் நேர்ந்தது. 1954இல் உளநோய் மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தம் என்பார், படக்கதைகள் இளைஞரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பதிப்பாளர் தமக்குள் ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக்கொண்டனர். அதன் விளைவாக, முதியோர்க்கு உரிய பொருள்கள் நெடுங்காலம் அந்நாட்டுப் படக்கதை இதழ்களினின்று விலக்குண்டன. ஆதலின், சிறுவர்க்கே உரியது என்னும் பழி இக்கலையின் இயற்கையால் வந்ததன்று. பெரும்பாலும் வரலாற்றால் வந்தது என்க.

எச்சம் என்னும் உறுப்பு

ஓவியப் புதினத்தின் பக்கம் கட்டங்களால் ஆயது. கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையே சிறிது வெற்றிடம் உண்டு. இக்கலையின் உயிர்நிலை அவ்வெற்றிடமே. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒரு கட்டத்தில் முதியவர் ஒருவர் தம் மனைவியைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றார். அடுத்த கட்டத்தில் அவர் தம் வீட்டில் தனியே அமர்ந்து அடுப்பு மூட்டுகின்றார். சாவு வரையப்படவில்லை, சொல்லப்படவுமில்லை. எனினும் கற்போன் அதனை அறிகின்றான். இரு கட்டங்களுக்கு இடையே அவன் உள்ளத்தில்தான் அச்சாவு நிகழ்கின்றது. ஸ்காட் மெக்ளவுட் என்னும் ஓவியர் 1993இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் இதனையே இக்கலையின் அடிப்படை எனக் கொண்டார்.

தமிழ் கற்றோர்க்கு இஃது அரிய செய்தியன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறிய முப்பத்துநான்கு உறுப்புகளுள் எச்சமும் ஒன்று. கூறாது விட்டதனைச் சொல்லாலோ குறிப்பாலோ கற்போன் கொணர்ந்து முடித்தல் அதன் இலக்கணம். வினையெச்சம் தன் முற்றினை நோக்கி நிற்றல் போல, ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தை நோக்கி நிற்கின்றது. சங்கப் பாடலின் குறிப்புப் பொருளை உணரப் பயின்ற ஒருவர்க்கு ஓவியப் புதினத்தைக் கற்கும் பயிற்சியும் பாதி கைவந்ததே எனலாம்.

மற்றுமோர் இயல்பும் உண்டு. திரைப்படத்தில் ஒரு காட்சி மறைந்த பின்னரே மற்றொன்று தோன்றும். ஓவியப் புதினத்திலோ, கழிந்ததும் நிகழ்வதும் வரப்போவதும் ஒரே பக்கத்தில் கண்முன் விரிந்து கிடக்கின்றன. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் இங்கு வேறுவேறாக நில்லாமல், பொழுதே நிலமாகின்றது. காலத்தின் புதிர்களைப் பொருளாகக் கொள்ளும் அறிவியற் புதினத்திற்கு இவ்வடிவம் பெரிதும் பொருந்துதற்குக் காரணம் இதுவே.

மௌஸ்

முதலிற் கற்கத்தக்கது ஆர்ட் ஸ்பீகல்மேன் இயற்றிய ‘மௌஸ்’. இதன் முதற்பகுதி 1986இலும் இரண்டாம் பகுதி 1991இலும் நூல்வடிவம் பெற்றன; 1992இல் இதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. போலந்து நாட்டு யூதராகிய தம் தந்தை விளாடெக், நாசிகளின் ஆஷ்விட்ஸ் முகாமினின்று உயிர்தப்பிய வரலாற்றை ஆசிரியர் அவர் வாயாற் கேட்டு வரைகின்றார். யூதர் எலிகளாகவும் செருமானியர் பூனைகளாகவும் வரையப்பட்டுள்ளனர். ஓரிடத்தில், தப்பியோடும் விளாடெக்கும் அவர் மனைவி ஆன்யாவும் செல்லும் பாதையே நாசிகளின் சின்ன வடிவில் பிரிந்து கிடக்கின்றது. எத்திசையிற் சென்றாலும் அச்சின்னத்திற்குள்ளேயே அவர்கள் செல்கின்றனர். பல பக்கம் எழுதி விளக்க வேண்டிய அவலத்தை ஒரு கட்டம் காட்டிவிடுகின்றது.

எனினும் இந்நூலின் பேரெச்சமாக நிற்பது தாயின் குரலே. ஆன்யா 1968இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் எழுதி வைத்த குறிப்பேடுகளை மகன் தேடுகின்றான். துயர் தாளாது தாமே அவற்றை எரித்துவிட்டதாகத் தந்தை கூறுகின்றார். மகன் அவரைக் கொலைகாரர் என்று பழிப்பதோடு முதற்பகுதி முடிகின்றது. உயிர்தப்பியோர் பேசுவர், மாண்டோர் பேசார். பேசாதவர்க்கு உரிய வெற்றிடத்தை நிரப்ப முயலாமல், அதனை வெற்றிடமாகவே காத்து நிற்கும் நேர்மை இந்நூலின் பெருமை என்று கருதுகின்றோம்.

எல் எட்டர்நௌட்டா

அடுத்தது அர்ஜென்டினா நாட்டு அறிவியற் புதினம். ஹெக்டர் ஹெர்மன் ஊஸ்டர்ஹெல்டு எழுத, ஃபிரான்சிஸ்கோ சொலானோ லோப்பஸ் வரைய, 1957 முதல் 1959 வரை வார இதழில் தொடராக வந்தது. புவெனஸ் ஐரஸ் நகர்ப்புறத்தில் ஒரு வீட்டில் நண்பர் சிலர் இரவில் சீட்டாடுகின்றனர். வெளியே பனி பெய்கின்றது. அப்பனி பட்டோர் அக்கணமே மாய்கின்றனர். வேற்றுலகத்தாரின் படையெடுப்பு அது. வெளிநாட்டு வீரன் எவனும் வந்து காப்பதில்லை. வீட்டிற் கிடைத்த பொருள்களைக் கொண்டு உடற்காப்புத் தைத்து, அண்டை அயலார் கூடியே போராடுகின்றனர். கூட்டத்தையே தலைமகனாக்கிய கதை இது. போரை ஏவும் பகைவர் தலைவரோ நூலில் ஒரு கட்டத்திலும் தோன்றுவதில்லை. காணப்படாமையே அவர்தம் கொடுமைக்கு அளவுகோலாகின்றது.

கதையின் அமைப்பு மேலும் வியப்பிற்குரியது. இரவில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கதையாசிரியன்முன் காலவெளியில் அலைந்த ஒருவன் தோன்றித் தன் வரலாற்றைக் கூறுகின்றான். கேட்டு முடித்த பின்னரே, அக்கேடு இனி வரவிருப்பது என ஆசிரியன் உணர்கின்றான். இக்கதையை வெளியிட்டால் அதனைத் தடுத்தல் கூடுமா என்னும் வினாவோடு நூல் முடிகின்றது.

அவ்வினாவிற்கு வரலாறு கொடிய விடையளித்தது. 1976இல் அந்நாட்டில் படையாட்சி அமைந்தது. 1977இல் ஊஸ்டர்ஹெல்டு கடத்திச் செல்லப்பட்டார், மீளவில்லை. அவருடைய மகளிர் நால்வரும் அவ்வாறே மறைந்தனர். 2015இல் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 2025இல் இது திரைத்தொடராகவும் ஆயிற்று. ஆசிரியர் முடிவை அறிந்தபின் முதற்கட்டத்துப் பனியை நாம் முன்போற் காண இயலாது.

வாட்ச்மென்

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ 1986, 1987ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு பகுதிகளாக வந்தது. அறிவியற் புனைவிற்குரிய ஹியூகோ பரிசை 1988இல் பெற்றது. பக்கத்திற்கு ஒன்பது கட்டம் என்னும் யாப்பினை இந்நூல் பெரும்பாலும் காத்துச் செல்கின்றது. கட்டளைக் கலித்துறை வல்லார்க்கு இக்கட்டுப்பாட்டின் அருமை விளங்கும். ஐந்தாம் பகுதியின் பக்கங்கள், நடுவினின்று இருபுறமும் கண்ணாடி எதிருருவென ஒத்து அமைந்துள்ளன.

நம் ஆராய்ச்சிக்கு மிக உகந்தது நான்காம் பகுதி. அணு ஆராய்ச்சி விபத்தால் பேராற்றல் பெற்ற ஒருவன் செவ்வாய்க் கோளில் தனித்திருந்து தன் வாழ்வை எண்ணுகின்றான். அவனுக்கு முக்காலமும் ஒருங்கே தோன்றும். 1945இல் கடிகாரத் தொழிலராகிய தந்தை, 1959இல் விபத்து, 1985இல் செந்நிறமணலில் வீழும் ஒரு நிழற்படம் ஆகிய அனைத்தையும் அவன் நிகழ்காலத்தாலேயே கூறுகின்றான். இலக்கண நூலார் கூறும் காலமயக்கம் இங்கு ஒரு பாத்திரத்தின் இயற்கையாகவே நிற்கின்றது. பக்கத்தில் அக்கட்டங்கள் அருகருகே கிடத்தலால், கற்போனும் ஒரு கணம் அவன் கண்கொண்டே காண்கின்றான். வருவதை அறிந்தும் மாற்ற இயலாத அவனது நிலை, அறிவு மட்டும் மனிதனைக் காவாது என்பதனை உணர்த்துகின்றது.

நௌசிகா

சப்பானிய ஓவியர் ஹயாவோ மியாசகி 1982 முதல் 1994 வரை வரைந்து ஏழு தொகுதிகளாக நிறைவித்தது ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’. 1984இல் அவர் ஆக்கிய திரைப்படம் இக்கதையின் தொடக்கப் பகுதியையே தழுவியது. தலைவியின் பெயர் கிரேக்கக் காப்பியமாகிய ஒடிசியினின்று வந்தது. புழுபூச்சிகளை விரும்பிய ஒரு பெண்ணைப் பற்றிய பழைய சப்பானியக் கதையும் அவள் படைப்பிற்கு வித்தாயிற்று. பழம்பெரும் இலக்கியம் எதிர்காலப் புனைவிற்கு உரமாதலை இங்குக் காண்கின்றோம்.

பெரும்போரால் உலகம் நஞ்சாகி ஆயிரம் ஆண்டு கழிந்தபின் கதை தொடங்குகின்றது. நச்சுக்காடு பரவி வருகின்றது. மக்கள் அதனை அழிக்க முயல்கின்றனர். அக்காடோ நிலத்தின் நஞ்சை உறிஞ்சித் தூய்மை செய்கின்றது என்பதனைத் தலைவி கண்டறிகின்றாள். பின்னர் அதனினும் கொடிய உண்மை வெளிப்படுகின்றது. நச்சுக்காற்றிற்கு ஏற்ப முன்னோர் மக்களின் உடலையே மாற்றிவிட்டனர். தூய காற்று வந்தால் இவர்கள் வாழார். குற்றமற்ற புதிய மனிதக் குலத்திற்கு வழிவிட்டு இக்குலம் மறைதல் வேண்டும் என்பது முன்னோர் வகுத்த திட்டம். தலைவி அத்திட்டத்தை ஏலாது அழிக்கின்றாள். அவள் செய்தது அறமா என்னும் வினாவை நூல் திறந்தே விடுகின்றது. இந்நூல் சப்பானிய மரபின்படி வலமிருந்து இடமாகக் கற்கப்படுவது.

ஹியர்

இறுதியாக, ரிச்சர்டு மெக்குவயர் இயற்றிய ‘ஹியர்’. 1989இல் ஆறு பக்கங்களில் முப்பத்தாறு கட்டங்களாக வந்த இது, 2014இல் முழுநூலாக விரிந்தது. ஓர் அறையின் மூலை ஒன்றே இதன் களம். பக்கந்தோறும் அம்மூலை மாறாது நிற்க, அதன்மேல் சிறு கட்டங்கள் ஆண்டுக் குறிப்போடு பதிந்துள்ளன. ஒன்றில் குழந்தை தவழ்கின்றது. அருகே வேறோர் ஆண்டில் முதியவர் இருமுகின்றார். பின்னால் அவ்வீடு எழுவதற்கு முன்னிருந்த காடு தெரிகின்றது. வீடு அழிந்தபின் வரும் காலமும் தோன்றுகின்றது. நிலம் ஒன்றாக, பொழுது பலவாக நிற்கும் இந்நூலில் கதைத்தலைவன் இல்லை. இடமே தலைமை பெறுகின்றது. யாம் கூறிய இலக்கணம் முழுவதற்கும் இதனையே தூய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஒரு தடையும் விடையும்

ஓவியம் அனைத்தையும் காட்டிவிடுதலால் கற்போன் கற்பனைக்கு இடமில்லையே என்பார் உளர். அது பொருந்தாது. ஓவியம் காட்டுவது தெரிந்தெடுத்த ஒரு நொடியை மட்டுமே. ஏனையவெல்லாம் வெற்றிடத்தில் உள்ளன. விளாடெக்கின் மனைவி எழுதியது யாது, பனிக்குப் பின்னிருந்தோர் யாவர், நௌசிகாவின் செயல் அறமா என்பனவற்றிற்கு ஓவியம் விடை தரவில்லை. கற்போனே விடை காண்டல் வேண்டும். சொல்லை மட்டும் விரைந்து படித்து ஓவியத்தைக் கடந்து செல்வோர்க்கு இந்நூல்கள் எளியனவாகத் தோன்றும். நின்று நோக்குவோர்க்கே ஆழம் புலனாகும்.

புதிதாகப் புகுவோர் ‘மௌஸ்’ நூலில் தொடங்குக. செறிவு மிக்க ‘வாட்ச்மென்’ நூலை இறுதியிற் கற்க.

இவ்வடிவம் தமிழர் வாழ்வையும் தீண்டாமலில்லை. பெஞ்சமின் டிக்சு எழுதி லிண்ட்சே பொல்லாக் வரைந்து 2019இல் வெளிவந்த ‘வன்னி’, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையினின்று 2009ஆம் ஆண்டுப் போர் முடிவு வரை ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம் பட்ட பாட்டினைக் காட்டுகின்றது. நம் மக்களின் துயரம் பிறர் கையால், பிற மொழியில் இவ்வடிவம் பெற்றிருக்க, அதனைக் கற்று ஆராயும் முறையையேனும் நாம் வளர்த்துக்கொள்ள வேண்டாமா? எச்சத்தின் இலக்கணத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்த மொழிக்கு உரியோர், எச்சத்தையே உயிராகக் கொண்டதொரு கலையைக் கண்டு நாணுதற்குக் காரணம் யாதுமில்லை.