துண்டு மடிக்கக் கற்கும் எந்திரன்

மனித உருவில் செய்யப்பட்ட எந்திரம் எதைக் கற்றுக்கொண்டால் மனிதனை நெருங்கும் என்ற கேள்வியைத் தமிழ் வாசகரிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தவர் எழுத்தாளர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவரது ‘என் இனிய இயந்திரா’வில் எந்திர நாய் ஜீனோ புத்தகங்களைப் படித்தும் மனிதரோடு பழகியும் தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது; வசனத்தில் அவர் பங்களித்து, அவரது மறைவுக்குப் பின் 2010 அக்டோபரில் ஷங்கர் இயக்கத்தில் வெளியான ‘எந்திரன்’ படத்தின் மனித உருவ எந்திரமான சிட்டி உணர்ச்சிகளைக் கற்றுக் காதலில் விழுகிறது. இரு கற்பனைகளும் மனிதத்தன்மையை அறிவிலும் உணர்ச்சியிலும் தேடின. ஆய்வுக்கூடங்களில் மனித உருவ எந்திரங்கள் உண்மையில் திணறுவதோ, திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களிலும் அருகிலுள்ள மங்கலத்தின் விசைத்தறிக் கூடங்களிலும் நாள்தோறும் எவரும் வியக்காமல் நடக்கும் கைவேலையில்தான்.

25 நிமிடம், ஒரு துண்டு

‘எந்திரன்’ வெளியான அதே 2010இல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பீட்டர் அபீலும் அவரது மாணவர்களும் பிஆர்2 என்ற இரு கை எந்திரத்துக்குத் துண்டு மடிக்கக் கற்பித்தனர். குவித்துப் போடப்பட்ட துண்டுகளில் ஒன்றை எடுத்து, அதன் மூலைகளைக் கண்டறிந்து, மடித்து வைக்க அந்த எந்திரம் சராசரியாக ஏறத்தாழ 25 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது; அதுவே அக்காலத்தில் சாதனையாகக் கொண்டாடப்பட்டது. மனிதருக்கு எளிதான வேலை எந்திரத்துக்குக் கடினமாகும் இந்த முரண்பாட்டை எந்திரவியல் அறிஞர் ஹான்ஸ் மொராவெக் 1988ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தார்: சதுரங்கம், கணக்கு போன்று பெரியவர்களுக்குக் கடினமானவை கணினிக்கு எளிதாகவும், பார்ப்பது, பிடிப்பது, நடப்பது போன்று ஒரு வயதுக் குழந்தை செய்பவை கணினிக்குக் கடினமாகவும் இருக்கின்றன என்னும் அவரது கருத்து ‘மொராவெக் முரண்’ என்றே வழங்கப்படுகிறது.

துணி இந்த முரணின் உச்சம் எனலாம். இரும்புத் துண்டை எங்கே வைத்தாலும் அதன் வடிவம் மாறுவதில்லை என்பதால் கார்த் தொழிற்சாலையின் எந்திரக் கை, அது குறித்த இடத்தில் இருந்தால், கண்ணில்லாமலேகூட அதை எடுத்துவிடும். துணியோ தொடும்போதெல்லாம் வடிவம் மாறுகிறது, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுகிறது, ஓரத்தை உள்ளே மறைத்துக்கொள்கிறது. நூலைக் கண்ணிகளாகக் கோத்துச் செய்யப்படும் பின்னல் துணி இன்னும் நெகிழ்வானது. வெட்டியவுடன் ஓரம் சுருளும், இழுத்தால் நீளும். திருப்பூரில் ‘கைமடி’ என்றழைக்கப்படும் உதவியாளர்கள், தையல் எந்திரத்தில் இருப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுத்தும் அடுக்கி வைத்தும் செய்யும் வேலை, கூலிப் பட்டியலின் கீழ்ப்படியில் இருந்தாலும், எந்திரவியலாளரின் பார்வையில் மிக உயர்ந்த சிக்கல். 2016இல் செயல்விளக்கம் காட்டப்பட்ட சியூபோ என்ற அமெரிக்க முயற்சி, தண்ணீரில் கரையும் வேதிப்பொருளால் துணியை அட்டைபோல் விறைப்பாக்கி, எந்திரக் கையால் தைக்கவைத்து, பிறகு அலசி எடுத்தது. அதாவது எந்திரத்தைக் கைக்கு நிகராக்க முடியாத இடத்தில் துணியை இரும்புக்கு நிகராக்கினார்கள்.

திருப்பூருக்கு மேற்கே நொய்யல் ஆறு ஓடும் மங்கலத்தில் நடப்பது பின்னல் அன்று, நெசவு. பாவு நூல்களுக்கு இடையே ஊடை நூலைச் செலுத்தும் வேலையை மின்சாரம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் பல தறிகள் ஒருசேர முழங்கும் கூடத்தில் எந்தத் தறியின் ஓசை மாறியிருக்கிறது என்று கேட்டறிவதும், அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சிடுவதும், ஒரு பாவு தீரும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையை விரலால் முறுக்கி இணைக்கும் ‘பாவு பிணைத்தல்’ என்ற வேலையும் காதுக்கும் விரலுக்கும் தெரிந்த அறிவாகவே நீடிக்கின்றன. இந்த அறிவு நூலில் எழுதப்பட்டதில்லை. ஒருவர் அருகில் இன்னொருவர் நின்று கற்றதால் கைமாறி வந்தது.

கரூரில் ஒரு பள்ளிக்கூடம்

எழுதப்படாத அறிவை எந்திரத்துக்குக் கற்பிக்க, செய்து காட்டுவதைத் தவிர வேறு எளிய வழி இல்லை. ‘பின்பற்றிக் கற்றல்’ எனப்படும் முறையில், ஒரு வேலையை மனிதர் செய்யும் காட்சிகள் ஏராளமாகத் திரட்டப்பட்டு, கண்ணுக்கு என்ன தெரிந்தபோது கை எவ்வாறு நகர்ந்தது என்ற தொடர்பு கணினிக்குப் பழக்கப்படுத்தப்படுகிறது. புதிய துண்டு ஒன்றைக் காணும்போது அடுத்த அசைவு எதுவாக இருக்க வேண்டும் என்பதை அது அந்தப் பழக்கத்திலிருந்தே கணிக்கிறது. 2025இல் வெளியான செய்திகளின்படி, வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்பெற்ற கரூரில், ஆப்ஜெக்ட்வேஸ் என்ற நிறுவனத்தின் ஊழியர்கள் நெற்றியில் கேமராவை மாட்டிக்கொண்டு துண்டுகளைத் திரும்பத் திரும்ப மடிக்கிறார்கள். எந்தக் கை எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று அக்காட்சிகளில் குறியிடப்பட்டு, அவை அமெரிக்காவுக்கு அனுப்பப்படுகின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபிகர் நிறுவனம் தனது மனித உருவ எந்திரம் துண்டுகளை மடிக்கும் காட்சியை வெளியிட்டது. எந்திரம் மனிதனாகக் கற்கும் வகுப்பறைகளில் ஒன்று கொங்கு மண்டலத்திலேயே திறந்துவிட்டது என்பதும், அங்கே ஆசிரியராக இருப்பவர் சாதாரணச் சம்பளத் தொழிலாளி என்பதும் இதன் பொருள்.

கேமராவில் பதியாதது

ஆனால் மடிக்கத் தெரிவது வேறு, துணி எதற்கு என்று தெரிவது வேறு. ‘எந்திரன்’ படத்தில், தீப்பற்றிய கட்டடத்திலிருந்து பலரைக் காப்பாற்றும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணை அந்த நிலையிலேயே கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து இறக்குகிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த எந்திரத்துக்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. அதற்குத் தேவைப்பட்டது ஒரு துணி மட்டுமே. அந்தத் துணிக்காகத் தமிழகத்தின் தென்கோடியில், மேலாடை அணியும் உரிமை கேட்டு, தோள்சீலைப் போராட்டம் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1859இல், அப்பகுதியை அன்று ஆண்ட திருவிதாங்கூர் அரசு அறிவித்தபோதும், உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற தடையை விடாமல் வைத்திருந்தது. தோளில் கிடக்க வேண்டிய துண்டை இடுப்பில் கட்டச் சொன்ன ஆதிக்கத்தையும், அதை மீண்டும் தோளுக்கு ஏற்றிய சுயமரியாதையையும் அறிந்த சமூகத்துக்கு, துண்டு என்பது நான்கு மூலைகள் கொண்ட பருத்தித் துணி மட்டுமன்று. இந்த அறிவு விரலசைவில் இல்லை. ஒருவர் இன்னொருவரின் மதிப்புக்குப் பொறுப்பேற்பதில் இருக்கிறது, ஆகவே கேமராவில் பதிவதில்லை.

எந்திரத்துக்கு அந்தப் பொறுப்பை இன்னும் எவரும் கற்பிக்கவில்லை என்றால், அதை உருவாக்கும் மனிதரும் வேலை வாங்கும் மனிதருமாவது அதைக் கடைப்பிடிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காட்டும் தகவலைக் காக்கிறது; முகம் தெரியாமல் கைகள் மட்டும் பதிவாகும் காட்சியில் உறைந்திருக்கும் தொழில்திறனுக்கு அதில் தெளிவான உரிமை ஏதும் இல்லை. ஒரு துண்டை மடிப்பதற்கான கூலி அந்தத் துண்டோடு தீர்ந்துவிடுகிறது. மடிக்கக் கற்பித்ததன் பயனோ, அதைக் கற்ற எந்திரங்கள் உழைக்கும் காலமெல்லாம் தொடர்கிறது. இரண்டுக்கும் ஒரே கூலி என்பது நியாயமாகாது.

இதைச் சரிசெய்யும் கருவி திருப்பூருக்குப் புதிதன்று. பின்னலாடை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசி முடிக்கும் சம்பள ஒப்பந்தங்கள் வேலைகளைப் பிரிவு பிரிவாக வகுத்துக் கூலி நிர்ணயிப்பவை. மங்கலம் உள்ளிட்ட விசைத்தறிப் பகுதிகளிலும் நெசவுக் கூலி ஒப்பந்தங்கள் நெடுங்காலமாகப் போராடிப் பெறப்பட்டவை. தலையில் மாட்டும் கேமரா இந்தக் கூடங்களுக்குள் வருவதற்கு முன்பே, எந்திரத்துக்குக் கற்பிக்கும் வேலையை அந்த ஒப்பந்தங்களில் தனிப் பிரிவாகச் சேர்த்து, தொழிலாளியின் சம்மதம், காட்சி எங்கே எதற்காகப் போகிறது என்ற தகவல், தொடர் பயனில் பங்கு ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறுவது தொழிற்சங்கங்களின் அடுத்த கடமை.